பலாவை எப்போது வெட்டுவது?

அன்புள்ள நிலா,

டொராண்டோ கடைகளில் பலாப்பிஞ்சைத் தகர டப்பாவில் அடைத்து, இறைச்சிக்கு மாற்று, உடம்புக்கு மிக நல்லது என்று அச்சடித்து விற்கிறார்களே, நம் ஊர்ச் சக்கைக்கு இவ்வளவு மகிமை உண்டா பெரியப்பா என்று கேட்டிருந்தாய். மகிமை உண்டு, டப்பாவில் எழுதியிருப்பது வேறு மகிமை. கோடைப் பழங்களைச் சமையலில் சேர்த்தால் ஆரோக்கியம் என்று இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள். பலா விஷயத்தில் அந்தப் பேச்சு இரண்டு கேள்விகளைக் கேட்காமலே தாண்டிப் போகிறது. காயை எந்தப் பருவத்தில் வெட்டினாய்? தட்டிலிருந்து எதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தாய்? பலாவால் உடம்புக்கு வரும் நன்மை முழுக்க இந்த இரண்டையும் பொறுத்தது என்பது என் கட்சி. இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. நமக்கு முன்னால் அதைச் சமைத்தவர்களின் வழக்கத்திலேயே இருக்கிறது.

பலா மேற்குத் தொடர்ச்சி மலையின் பிள்ளை. பதினான்காம் நூற்றாண்டில் இந்தியா வந்த இபின் பதூதா அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் ருசித்தது பழத்தை. மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு, கண்டி அரசனிடம் ஏறத்தாழ இருபது வருஷம் கைதியாக இருந்த ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இன்னும் உபயோகமான செய்தியைத் தருகிறார். அந்த நாட்டு மக்கள் பிஞ்சை ஒரு பெயரிலும், முற்றிய காயை இன்னொரு பெயரிலும், கனிந்ததை வேறொரு பெயரிலும் சொன்னார்கள், அது அவர்களுடைய சாப்பாட்டில் பெரும்பங்கு என்கிறார். நாக்ஸ் வயிறு காய்ந்து கிடந்தவர், ஆகவே அவர் பார்வை சோற்றுப் பார்வை. மரத்தை எத்தனை வேளைக்கு ஆகும் என்றுதான் பார்த்தார். அதே இலங்கையில் 1915 கலவரத்தின்போது கைதாகி வெளிவந்த ஆர்தர் வி. டயஸ், பத்து லட்சம் பலாக்கன்று நடுவது என்று இயக்கமே நடத்தினார். ‘கொஸ் மாமா’, அதாவது பலா மாமா, என்று ஜனங்கள் அவரைக் கூப்பிட்டது அதனால்தான். அவரும் நினைத்தது பழத்தட்டை அல்ல, அரிசி இறக்குமதி நின்றுபோனால் ஊர் எதைச் சாப்பிடும் என்பதைத்தான். யாழ்ப்பாணத்து ஒடியற் கூழில் பலாக்கொட்டை கிடப்பதையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்.

நம் கன்னியாகுமரிப் பக்கத்து வழக்கத்தைப் பார். இங்கே நெல் இரண்டு போகம். கும்பப்பூ மாசியில் அறுவடையாகும். கன்னிப்பூ ஆவணி புரட்டாசிக்குத்தான் வரும். நடுவில் ஆனி, ஆடி மழைக்காலம் பத்தாயம் வற்றுகிற காலம். பலா அந்த இடைவெளியைச் சரியாக நிரப்பியது. மாசிக்கு முன்பே இடிச்சக்கை, பங்குனி சித்திரையில் முற்றிய காய், மழை தொடங்கும்வரை பழம், அதற்குப் பின்னும் மண்ணில் புதைத்துக் காப்பாற்றிய கொட்டை. இடிச்சக்கை என்பது உள்ளே கொட்டை கெட்டிப்படாத பிஞ்சு. கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு முள்தோலைச் செதுக்க வேண்டும், இல்லையென்றால் பால் விரலைவிட்டுப் போகாது. துண்டுகளை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, உரலில் இரண்டு இடி இடித்தால் நார்நாராகப் பிரியும். கடுகு, வற்றல் மிளகாய் தாளித்து, தேங்காய், சீரகம், பூண்டை ஒன்றிரண்டாகச் சதைத்துப் போட்டுப் பிரட்டினால் துவரன். முற்றிய காயின் சுளையையும் கொட்டையையும் அரிந்து வேகவைத்துத் தேங்காய் அரைப்போடு மசித்தால் புழுக்கு. துவரன் சோற்றுக்குத் தொடுகறி. புழுக்கு அப்படியில்லை, கஞ்சியோ மீன்கறியோ பக்கத்தில் இருக்க, சோற்றின் இடத்தில் அதுவே உட்காரும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

பிறகு ஏன் மறந்தோம்? திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் காலத்தில், அதாவது 1880-85இல், மரச்சீனி (மரவள்ளி) சாகுபடிக்கு ஊக்கம் கிடைத்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரவு நின்றபோது ஏழை வீடுகளைக் காப்பாற்றியது மரச்சீனிதான். பின்னர் ரேஷன் அரிசி வந்தது, மூன்று வேளையும் சோறு என்பது கௌரவமாயிற்று. காயாக வெட்டுவது குறைந்து, பழுக்கவிட்டுத் தின்பது மட்டும் மிஞ்சியது. தமிழ்நாட்டில் பலா என்றதும் பண்ருட்டிப் பழம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. பாதி விஷயம் அங்கேயே கைநழுவிப் போய்விட்டது. கேரள அரசு 2018இல் சக்கையை மாநிலப் பழமாக அறிவித்த பிறகுதான் காய்ச் சமையலுக்குக் கொஞ்சம் மரியாதை திரும்பியிருக்கிறது.

இப்போது உடம்புக்கு வருவோம். நூறு கிராம் பழச்சுளையில் மாவும் சர்க்கரையுமாகச் சுமார் 23 கிராம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு சர்க்கரை. நார்ச்சத்து 1.5 கிராம் அளவில்தான். காயிலோ இனிப்பு மிகக் குறைவு, நாரும் எளிதில் செரிக்காத மாவும் கூடுதல். 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆந்திரத்து ஸ்ரீகாகுளத்தில் நடந்தது. சர்க்கரை நோயாளிகள் 40 பேர். ஒரு பாதியினர் தினம் 30 கிராம் பலாக்காய் மாவை அரிசி அல்லது கோதுமை மாவுக்குப் பதிலாகச் சாப்பிட்டார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து அவர்களுடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. நாற்பது பேர் போதுமா, மூன்று மாதம் போதுமா, கடையில் விற்கிற மாவை வைத்துச் செய்த சோதனைதானே என்று நீ கேட்பாய். கேட்க வேண்டியதுதான். குறைவும் கால் சதவீதப் புள்ளி அளவுதான். மாத்திரையைத் தூக்கிப்போட இது காரணமாகாது. ஆனால் அந்தச் சோதனையின் அமைப்பைக் கவனி. இருக்கிற சாப்பாட்டின் மேல் பலாவைச் சேர்க்கவில்லை, மாவைக் குறைத்து அந்த அளவுக்குப் பலாவை வைத்தார்கள். புழுக்கு சாப்பிட்டவர்கள் செய்ததும் அதைத்தான். வயிறு நிறையச் சோறு தின்று, மேலே பலாச்சுளையும் தின்றவனுக்கு எந்த ஆய்வும் கைகொடுக்காது.

பஞ்சத்துக்குத் தின்றதை இப்போது ஆரோக்கியம் என்று கொண்டாடுகிறீர்களா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கோபம். புழுக்கு தின்ற எல்லாரும் விரும்பித் தின்றவர்கள் அல்ல, வேறு வழியில்லாமல் தின்றவர்களே அதிகம். அவர்களுடைய குறை போதுமான சோறும் பருப்பும் கிடைக்காதது. இன்றைய குறை, உட்கார்ந்தே வேலை செய்கிற உடம்புக்குச் சோறு மிஞ்சிப் போனது. உணவு அதே உணவுதான், சாப்பிடுகிறவனின் நிலைமை தலைகீழாகிவிட்டது. அதனால் பழைய வறுமையை அழகுபடுத்தாமலே அந்தச் சமையலை எடுத்துக்கொள்ளலாம். பழம் கெடுதலா என்றால், இல்லை. நாலு சுளை தின்பதால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. அதைப் பாயசமாக்கி வெல்லமும் நெய்யும் கொட்டியபின் பழம் நல்லது என்று சொல்வதுதான் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. இறைச்சிக்கு மாற்று என்பதோ நாரின் தோற்றத்தை வைத்துச் சொல்கிற வியாபாரப் பேச்சு. சமைத்த கோழியில் நூறு கிராமுக்கு 25 கிராமுக்கு மேல் புரதம். பலாவில் இரண்டு, மூன்று தேறினால் அதிகம். கொட்டையில் கொஞ்சம் கூடுதல், அதையும் நன்றாக வேகவைத்துத்தான் தின்ன வேண்டும்.

ஆகவே நீ டப்பா வாங்குவதானால் உப்புநீரில் போட்டதை வாங்கு, சர்க்கரைப் பாகில் போட்டதை வைத்துவிடு. உப்புப் போக இரண்டு தரம் தண்ணீரில் அலசிவிட்டுத் துவரன் செய். கூடவே பருப்போ மீனோ முட்டையோ இருக்கட்டும், சோற்றை வழக்கத்தில் பாதியாகக் குறை. கேரளக் கடைகளின் உறைபெட்டியில் முற்றிய காய்ச்சுளை கிடைத்தால் புழுக்கே செய்துவிடலாம். வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதே, பலாவில் பொட்டாசியம் அதிகம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், முதல் ஒரு வாரம் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் அளந்து எழுதி வைக்கச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா