சறுக்குச் சப்பாத்தின் அலகு

பனிக்கட்டியைச் சர்பத்துக் குவளையில் மட்டுமே கண்டு வளர்ந்த பழைய மாணவனொருவன் பனித்தளச் சறுக்கலைப் பற்றி எழுதப் புகுவது நண்பர்க்கு நகைப்பை விளைக்கலாம். கனடாவில், ரொறன்ரோ நகரில், என் மகள் பத்தாவது வயதில் அக்கலையைப் பயிலத் தொடங்கினாள். என் பிள்ளைக்குக் குறைந்த பொருளோ என்னுஞ் செருக்கினால், வல்லுநர் பூணும் அலகுகளை, சேமித்த பணத்தைச் செலவிட்டு வாங்கிச் சப்பாத்திற் பூட்டினேன்.

இவ்வலகு நேரான கத்தியன்று. 7 அல்லது 8 அடி ஆரமுடைய வட்டத்தின் வில்லென வளைந்தது. அடியில் ஓடும் தவாளிப்பு, உள்விளிம்பு வெளிவிளிம்பு என இரண்டை ஆக்கும். தவாளிப்பு ஆழமாயின் பிடிப்பு மிகும். ஆழங் குறையின் சறுக்கல் இலகுவாகும். முனையிலே பற்கள் உள. வானில் இருமுறை மும்முறை சுழன்று பாய்வார்க்கு அவை பெரியனவாதல் நன்று. தொடக்கத்தார்க்குச் சிறியனவே ஏற்றவை.

நான் வாங்கிய அலகின் பெரும்பற்கள் அடிக்கடி பனிக்கட்டியிற் குத்தின. மூன்றாம் நாள் குப்புற வீழ்ந்து மகள் மணிக்கட்டு முறிந்தாள். "அப்பா, எனக்கு இது வராது" என அவள் அழுதபோது, பிழை அவள் காலிலன்று, என் செருக்கிலே என்பதை உணர்ந்தேன். கை தேறியபின், பயிற்றும் ஆசிரியையின் சொற்படி எளிய அலகு பூட்டினோம். ஈராண்டில் ஒருமுறை சுழன்று பாயக் கற்றாள். அதன்பின் அடுத்த அலகைத் தானே கேட்டாள்.

அரிச்சுவடி முற்றுமுன் நன்னூலை எம் கையில் திணியாத நம் ஆசான்மாரை அன்று நன்றியுடன் நினைந்தேன்.