முட்டை ஓட்டுக் கணக்கு

சிக்கனமாக இருப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. சந்தையில் பேரம் பேசிப் பத்து ரூபாய் குறைத்துவிட்டால் அன்றைக்கு என் நடையே வேறு மாதிரி இருக்கும். கொல்லைப்புறத்தைத் தோட்டமாக்கலாம் என்ற ஆசை வந்தபோதும் என்ன செடி வைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் தொகையைத்தான் முடிவு செய்தேன். மூவாயிரம் ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது, நடக்காத சாதனை ஒன்றை முன்கூட்டியே அறிவிக்கிற தோரணையில்தான் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எங்கள் ஊர் ஆலங்குளம். தென்காசிக்குப் போகிற வழியில் இருக்கிற ஆலங்குளம் இல்லை. ராஜபாளையத்துக்குக் கிழக்கே, விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். "சிமெண்ட் பேக்டரி ஆலங்குளமா?" என்று கேட்பார்கள். அதேதான். 1976-ல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் என்று ஒன்று உருவானபோது அதன் கையில் வந்த ஆலை எங்கள் ஊருடையது. அரியலூர் ஆலையெல்லாம் அதற்குப் பிறகுதான். சிமெண்டுக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். அது இங்கே காலுக்கடியில் கிடக்கிறது, அதனால்தான் ஆலை இங்கே வந்தது. ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இதைச் சொல்லும். எனக்கும் தெரியும். தெரிந்த விஷயம் எனக்குப் பயன்படவில்லை என்பதுதான் இந்தக் கதை.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். கோவிலுக்குப் பக்கத்தில் ஒண்டுக்குடித்தன வீடு. மண் என்று நான் பார்த்ததெல்லாம் துளசித் தொட்டியில் இருந்ததுதான். ஆனால் அந்த ஊரில் வளர்ந்துவிட்டுத் தோட்ட ஆசை இல்லாமல் இருக்க முடியாது. அந்த ஊரின் பெருமையே ஒரு நந்தவனத்தில் தொடங்குகிறது. பெரியாழ்வார் பூச்செடி போட்டுத் தண்ணீர் ஊற்றிய இடம், துளசிச் செடியடியில் ஆண்டாள் கிடைத்த இடம் என்று இன்றைக்கும் காட்டுவார்கள். அம்மா அங்கே கூட்டிப்போகும்போதெல்லாம், நமக்கென்று ஒரு வீடு வந்தால் பின்னால் இப்படி ஒன்று வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

கல்யாணமாகி வந்த வீட்டில் கொல்லைப்புறம் இருந்தது. இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது நந்தவனம் மாதிரி இல்லை. கரிசல். மழைக்குக் களியாகக் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். பங்குனி, சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு முழம் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல். மூலையில் ஒரு முருங்கை, வேலியோரம் அரளி, நடுவாந்திரத்தில் பெரிய கொடுக்காப்புளி மரம். அந்த மரத்தடியில்தான் அத்தையின் கயிற்றுக்கட்டில் கிடக்கும். மதியச் சாப்பாடு முடிந்தால் அத்தை அங்கே போய்ப் படுத்துக்கொள்வார். மாசி மாதம் மரத்தில் கிளிகள் வந்துவிடும். அவை தின்று உதிர்த்ததுபோக மீதியை அத்தை தொரட்டிக் கம்பால் பறித்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்.

என் கண்ணுக்கு அது முள்மரம். குப்பை போடுகிற மரம். ரோஜாவுக்கு வரவேண்டிய வெயிலை மறைக்கிற மரம். விறகுக்காரர் எண்ணூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். என் பட்ஜெட் மூவாயிரத்து எண்ணூறாக ஏறியது. அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டேன்; கேட்டேன் என்று சொல்லிக்கொள்கிற அளவுக்குக் கேட்டேன். "உனக்கு எது தோதோ அப்படிச் செய் தாயி" என்றார். கட்டிலை அவரே மடக்கித் தூக்கிக்கொண்டு முன் திண்ணைக்குப் போய்விட்டார்.

ராஜபாளையத்தில் ஒரு நர்சரிக்குப் போனேன். ரோஜா, குண்டுமல்லி, சிவப்பு இட்லிப்பூ, ஒரு எலுமிச்சை, ஒரு கொய்யா. பேரம் பேசி முடித்து, செடிகளைச் சாக்கில் கட்டும்போது நர்சரிக்காரர் எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "அப்படின்னா மலையடிவாரத்துச் செம்மண் ஒரு டிராக்டர் அடிச்சிருங்கம்மா. குழியைப் பெருசா எடுத்து, செம்மண்ணும் தொழுவுரமும் போட்டு நடுங்க. உங்க மண்ணுல அப்படியே வச்சா சரிப்படாது" என்றார்.

டிராக்டர் வைத்திருக்கிற மச்சான் யாரோ இவருக்கு இருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு டிராக்டர் மண்ணின் விலை என் செடிகளின் விலையைவிட அதிகம். மண்ணை விலைக்கு வாங்குவதா? வீட்டில் மண் இல்லையா? சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உரத்துக்கும் காசு செலவழிப்பதில்லை என்று தீர்மானம். செல்போனில் பார்த்த வீடியோக்கள் எல்லாம் என் கட்சி. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள், சுண்ணாம்புச் சத்து. அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள், சாம்பல் சத்து. எல்லாம் இலவசம். எங்கள் வீட்டு முட்டை எத்தனை நாளைக்குக் காணும்? பஸ் ஸ்டாப் பக்கத்துப் பரோட்டாக் கடைத் தம்பியிடம் சொல்லிவைத்தேன். முட்டைப் பரோட்டாவுக்கும் கொத்துப் பரோட்டாவுக்கும் உடைத்த ஓட்டையெல்லாம் பையில் போட்டு எடுத்துவைப்பான். சாம்பலுக்கு டீக்கடை. இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு தெருவில் வரும்போது, உரக்கடைக்காரர்கள் எல்லாரையும் ஏமாற்றிவிட்ட சந்தோஷம். ஓட்டைக் கழுவி, மாடியில் காயவைத்து, மிக்சியில் அரைத்து, செடிகளைச் சுற்றி வெள்ளையாகத் தூவுவேன். அந்த மிக்சி ஜார் பிறகு சட்னிக்கு உதவவில்லை. அந்தச் செலவை நான் தோட்டக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. நர்சரி மண்ணோடு வந்த தெம்பு. ரோஜா ஒரு தவணை பூத்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தேன். அப்புறம் இட்லிப்பூவில் தொடங்கியது. கொழுந்து இலை எலுமிச்சம்பழ நிறத்தில் வந்தது. நரம்பு மட்டும் பச்சை, நடுவில் எல்லாம் மஞ்சள். பார்க்க அழகாகக்கூட இருந்தது. அடுத்து எலுமிச்சை, பிறகு குண்டுமல்லி. அடி இலைகள் பச்சையாகவே இருக்க, புதிதாக வருகிறவை மட்டும் வெளுத்துக்கொண்டே போயின. சத்துப் பற்றாக்குறை என்று எனக்குப் புரிந்துவிட்டது. என்ன சத்து என்று யோசிக்கவில்லை. என்னிடம் இருந்தது இரண்டு பை. இரண்டிலிருந்தும் கூட இரண்டு கை அள்ளிப் போட்டேன். இலை இன்னும் வெளுத்தது. இன்னும் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை வீட்டில் உறவுக்காரர்கள். அத்தை சர்பத்துக்காக ஒரு சட்டி எலுமிச்சைச் சாறு பிழிந்து வைத்திருந்தார். மூடி வைக்க மறந்ததில் பல்லி விழுந்துவிட்டது. "அத்தனையும் வீண்" என்று புலம்பிக்கொண்டே கொல்லைக் கதவைத் திறந்து படிக்கட்டோரம் ஊற்றினார். அங்கே செடியும் கிடையாது, நான் தூவிய பொடியும் கிடையாது. வெறும் தரை; மேலே இரண்டு மூன்று சுக்கான் கல். ஊற்றிய இடம் 'ஸ்' என்றது. பிறகு பொங்கியது. வெள்ளை நுரை, சோடாவைத் திறந்ததுபோல, கல்லைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாக வந்து, உடைந்து, மறுபடியும் வந்தது.

"ஏ தாயி, இங்க வந்து பாரு, மண்ணு பொங்குது!"

மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியமாக ஒன்றும் இல்லை.

"பொங்காம என்ன செய்யும்? சுண்ணாம்புக் கல்லுல புளிப்பு பட்டா நுரைக்கத்தான் செய்யும். நாங்க மைன்ஸ்ல ஆசிட் விட்டுப் பார்ப்போம். நல்லாப் பொங்குச்சுன்னா நல்ல கல்லு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆமா, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். செடியச் சுத்தி வெள்ளையா என்னமோ தூவுதியே, கோலப்பொடியா?"

"இல்ல அண்ணாச்சி. முட்டை ஓடு. சுண்ணாம்புச் சத்துக்காக."

அவர் சிரித்திருந்தால் தேவலை. சிரிக்கவில்லை. ஆலை இருக்கும் திசையில் ஒரு தரம் பார்த்தார். செடிகளைப் பார்த்தார். "அங்க இருந்து லாரி லாரியா அள்ளுதோம்மா. நீ பை பையாக் கொண்டாந்து போடுத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். உள்ளே உறவுக்காரர்கள் காத்திருந்தார்கள். நுரை அடங்கிவிட்டது, கல் மட்டும் கழுவி விட்டதுபோல வெளுப்பாகத் தெரிந்தது. முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு கால்சியம் கார்பனேட் என்று நானே வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சுண்ணாம்புக்கல்லும் அதே கால்சியம் கார்பனேட்தான். பள்ளிக்கூடத்தில் படித்தது. இரண்டும் என் தலைக்குள் இத்தனை நாளும் இருந்திருக்கின்றன, ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளாமல். நர்சரிக்காரர் கட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னதும், அவருக்கு நான் கற்பித்த மச்சானும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அந்த முகத்தோடுதான் உள்ளே போய் எல்லாருக்கும் காபி கொடுத்தேன்.

பிறகு ஒழுங்காக மண்ணை எடுத்து அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தேன். அதற்கான கட்டணம், முட்டை ஓட்டுக்காக நான் பரோட்டாக் கடையில் மரியாதைக்குச் சாப்பிட்ட ஒரு வேளைக்கு ஆகாது. பி.எச். 8.4 என்று வந்தது. ஏழு என்பது நடுநிலை. அதற்கு மேலே போனால் காரம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லையாம், இருக்கிறது. ஆனால் இந்தக் காரத்தில் அது கரையாது. பி.எச். ஒரு எண் ஏறினால் கரைகிற இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப்போகும் என்று அங்கே இருந்தவர் விளக்கினார். வேருக்குப் பக்கத்திலேயே இரும்பு இருக்கும், செடி உறிஞ்ச முடியாது. புதுக் கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருப்பது அதற்குத்தான். அடுப்புச் சாம்பலும் காரம். எங்கள் உப்புக் கிணற்றுத் தண்ணீரும் அதே கட்சி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாம்பல் எவ்வளவு போட்டீங்க?" என்றார். பாதியைக் குறைத்துச் சொன்னேன். அதற்கே அவர் புருவம் ஏறியது.

உரக்கடையில் பெரஸ் சல்பேட் கேட்டேன். நம் ஆட்கள் அன்னபேதி என்பார்கள். லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலையில் தெளிக்க வேண்டும். மண்ணில் போட்டால் அதையும் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். தெளித்த இலை பச்சையானது. அடுத்து வந்த கொழுந்து மறுபடியும் மஞ்சள். தெளித்துக்கொண்டே இருந்தால்தான் உண்டு. இட்லிப்பூவும் ரோஜாவும் அதற்குள் போய்விட்டன. எலுமிச்சை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சொல்லலாம். குண்டுமல்லியைப் பெயர்த்துப் பழைய டிரம்மில், விலைக்கு வாங்கிய செம்மண்ணில் வைத்தேன். ஆமாம், வாங்கினேன். டிராக்டர் இல்லை, நாலு மூட்டை. டிரம்முக்கு மழைத் தண்ணீர் மட்டும். அது பூக்கிறது.

இத்தனை ரகளையிலும் வேலியோரத்து அரளி ஒரு இலை வெளுக்கவில்லை. முருங்கையும் அப்படித்தான். அவை இரண்டையும் நான் எதிலும் சேர்த்ததே கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருக்கிற கிளியைத் தினமும் புதிதாகச் செய்வார்கள். உடம்புக்கு மரவள்ளி இலை, மூக்குக்கு மாதுளம்பூ. சின்ன வயதில் அந்தக் கிளியைப் பார்க்கத்தான் கூட்டத்தில் முண்டியடிப்பேன். மாதுளை சுண்ணாம்பு மண்ணைப் பொறுத்துக்கொள்கிற செடி என்பது இப்போதுதான் தெரிந்தது. ஒரு கன்று வைத்தேன், மண்ணோடு சண்டை போடாமல் ஏறி வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பருத்தி ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது, எஸ்.வி.பி.ஆர். என்று பெயர் தொடங்கும் பருத்தி ரகங்கள் அங்கிருந்து வந்தவை. அதாவது இந்தக் கரிசலில் பருத்தியும் கம்பும் உளுந்தும் கொத்தமல்லியும் தலைமுறை தலைமுறையாக விளைந்திருக்கின்றன. ரோஜா வராததால் நான் அதற்குக் கெட்ட மண் என்று பெயர் வைத்திருந்தேன்.

கொடுக்காப்புளியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். எங்கள் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் அதைத் தோப்பாகவே வைக்கிறார்கள். தண்ணீர் கேட்காது, சுண்ணாம்புக்கு அஞ்சாது. காய் சந்தைக்கு வரும்போது நல்ல ரகத்துக்கு நல்ல விலை கிடைக்கிறது. எண்ணூறு ரூபாய்க்கு விற்ற மரம் ஒரு பருவத்தில் எவ்வளவு காய்த்திருக்கும் என்ற கணக்கை ஒரு முறை போட்டேன். வீட்டுக்காரருக்குக் காட்டவில்லை. மதியத்தில் கொல்லைப்புறம் இப்போது தகிக்கிறது. டிரம்மை நிழலுக்கு நகர்த்தலாம் என்றால் நிழல் கிடையாது. பச்சை வலை வாங்கிக் கட்டினேன். அதற்கே எண்ணூறுக்கு மேல் ஆனது.

போன மழைக்கு முன்னால் ஒட்டுக்கட்டிய கொடுக்காப்புளிக் கன்று ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிவந்தேன். பேரம் பேசவில்லை. பழைய மரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி நட்டேன். அத்தை படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் மண்ணை மிதித்து, பாத்தி கட்டி, தண்ணீர் ஊற்றி முடிக்கிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போகிறபோதுதான் திரும்பினார்.

"இதுக்கும் முட்டை ஓட்டை அரைச்சுப் போட்டுறாத தாயி."