பத்துக் கேள்வியும் பக்கத்தில் நிற்கும் மாமியாரும்

மலேசியாவின் பேராக் மாநில அரசாங்கக் கிளினிக்குகளில் பிள்ளைபெற்றவளின் மனச்சோர்வு பெரும்பாலும் முதலில் தாதியின் கண்ணில்தான் படுகிறது. குழந்தையின் தொப்புளையும் தாயின் தையலையும் பார்க்க முதல் வாரங்களில் பலமுறை வீட்டுக்கே போகிறவர் அவர். மனநல மருத்துவரைப் பார்க்க ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அல்லது 1911இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு. பின்னதன் பெயரைச் சொல்லியே தலைமுறை தலைமுறையாகக் கேலி நடந்திருப்பதால், 'அங்கே அனுப்புகிறோம்' என்ற பேச்சுக்கே சில குடும்பங்கள் கிளினிக் பக்கம் தலைகாட்டுவதை விட்டுவிடும்.

சுங்கை சிப்புட், செமோர் வட்டாரத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் தாய்க்கு ஒரு துணை இருந்தது: ஆயாக் கொட்டகை. பால்வெட்டப் போகும் பெண் விடியுமுன் பிள்ளையை அங்கே விட்டுப் போவாள். லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் அக்கம்பக்கமும் உண்டு. அந்த வாழ்க்கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை; சம்சுச் சாராயமும் அடி உதையும் அதே லயத்தில்தான் இருந்தன. ஆனால் தோட்டம் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறி, குடும்பம் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தபின், கணவன் ஷிப்ட் வேலைக்குப் போனால் பகல் முழுக்க நாலு சுவருக்குள் தாயும் பிள்ளையும்தான்.

இந்த மனச்சோர்வைக் கண்டறியப் பரவலாகப் பயன்படுவது 1987இல் வெளிவந்த எடின்பரோ கேள்வித்தாள். பத்துக் கேள்வி, கடந்த ஏழு நாளைப் பற்றி. கூட்டினால் அதிகபட்சம் 30. பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இந்தக் கேள்வியில் பூஜ்யம் விழாவிட்டால் அன்றே மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

தாள் சுலபம், கேட்கும் இடம்தான் சிக்கல். மாமியார் பக்கத்தில் நிற்க, 'மனசு எப்படி இருக்கு?' என்று தாதி கேட்டால், 'நல்லாத்தான் இருக்கா' என்று மாமியாரே பதில் சொல்லிவிடுவார். இளம் தாய்மார் மலாய்ப் பள்ளிப் படிப்பு உள்ளவர்கள். மலாய்த் தாளை மொழிபெயர்க்க ஆள் வேண்டாம். தாளையும் பேனாவையும் கையில் கொடுத்து, குழந்தையை எடை போட மாமியாரை அடுத்த அறைக்கு அழைத்தால் ஐந்து நிமிடம் கிடைக்கும். தேசிய சுகாதார ஆய்வு 2016இல் பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வை 4.4 விழுக்காடு என்றது. இத்தகைய எண்கள் கேட்கும் விதத்துக்கேற்ப ஏறி இறங்கும்.

'சோர்வு' என்று யாரும் வந்து சொல்வதில்லை. தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, பால் சுரக்கவில்லை என்பார்கள். பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லையா என்பது கேட்கத்தக்க நல்ல கேள்வி. பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் திடீரென உளறல், பயம், பிள்ளையைப் பற்றிய விபரீத நம்பிக்கை தென்பட்டால் அது வேறு விஷயம். ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

பதின்ம வயதினர் இன்னும் நழுவுவார்கள். 2022 தேசிய சுகாதார ஆய்வில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு தெரிந்தது; ஆனாலும் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதும் பிள்ளை கிளினிக்குக்கு வருவது வயிற்றுவலிக்கோ தலைவலிக்கோதான். வீடு, படிப்பு, சாப்பாடு, நண்பர்கள் என்று தொடங்கிப் போதைப்பொருள், உடலுறவு, தற்கொலை எண்ணம் என்று படிப்படியாக உள்ளே போவது வழக்கம். கடைசிக் கேள்வியை முதலில் கேட்டால் வாய் அடைத்துப்போகும். தற்கொலை எண்ணம் இருந்தால், வீட்டில் களைக்கொல்லி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020இல் தடைசெய்யப்பட்டாலும், மருந்தடிக்கும் வேலைக்குப் போகும் வீடுகளில் வேறு நஞ்சு இருக்கும். தற்கொலை முயற்சி 2023வரை குற்றமாக இருந்தது. குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு நீக்கப்பட்டது இன்னும் பல பெற்றோருக்குத் தெரியாது. போலீசுக்குப் பயந்து 'தவறிக் குடித்துவிட்டான்' என்பார்கள்.

லேசான சோர்வுக்கு முறையாகப் பேசுவதே சிகிச்சையாகலாம். பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் சுகாதார ஊழியப் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்ப் பேசியதில் தாய்மாரின் சோர்வு வெகுவாகக் குறைந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின் கொடுப்பதுண்டு. அதற்காகப் பொதுவாகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. இதைக் கணவன், மாமியார் காதிலும் போட்டுவைக்க வேண்டும். பாலுக்கு ஆகாது என்று மாத்திரையை நிறுத்தச் சொல்வது பெரும்பாலும் அவர்கள்தான். அடுத்த வருகைக்கு வராதவரைக் குழந்தையின் தடுப்பூசித் தேதியில் பிடித்துவிடலாம். தனக்காக வராத தாய் பிள்ளைக்காக வந்துவிடுவாள்.