நாளைப் போவேன்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். சாப்பிட்டுவிட்டு, நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டார். அவர் இருக்கும் தென்மாநிலங்களில் 'சதர்ன் ராக்' என்று ஒரு பாட்டு வகை உண்டு. சின்ன ஊரில் பிறந்தவன், இந்த ஊர் போதும், நான் கிளம்புகிறேன் என்று கிட்டார் சத்தத்தோடு பாடும் பாட்டுகள் அதில் நிறைய என்றார். "சார், நம்மகிட்ட ஊருக்குத் திரும்பி வான்னு கூப்பிடற பாட்டுதான் இருக்கு. போறேன்னு தைரியமா சொல்ற பாட்டு ஏன் இல்ல?" என்றார். எட்டாம் வகுப்பில் ஒரு சந்தேகம்கூடக் கேட்காத பிள்ளை, தலை நரைக்கும் வயதில் கேட்கிறது. பதில் சொல்லாமல் விடலாமா?

முதலில் அவர் சொன்ன ஆட்களைப் பற்றி ஒரு வேடிக்கை. ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில் ஊரில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சேர்ந்து ஒரு குழு வைத்தார்கள். பெயர் 'லினர்ட் ஸ்கினர்ட்'. 1973இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பில் 'ஃப்ரீ பேர்ட்' என்ற பாட்டு இருக்கிறது. ஒன்பது நிமிடம் ஓடுகிறது. நான் போய்த்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறவனின் பாட்டு. பாதிக்கு மேல் வார்த்தையே இல்லை, கிட்டார்தான். அந்தக் குழுவின் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அவர்கள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் பெயர் லெனர்ட் ஸ்கின்னர். பையன்கள் முடி வளர்த்தால் விடமாட்டார். அந்தக் கோபத்தில் அவர் பெயரையே எழுத்தை மாற்றிக் குழுவுக்கு வைத்துவிட்டார்கள். நானும் எத்தனையோ பிள்ளைகளை முடி வெட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒருவரும் என் பெயரில் பாட்டுக் குழு வைக்கவில்லை!

இனி கேள்விக்கு வருகிறேன்.

நம் இலக்கியத்தில் ஊரை விட்டுப் போவது புதிய சங்கதி இல்லை. ஐந்து திணைகளில் பாலையின் உரிப்பொருளே பிரிவுதான். பொருள் தேடத் தலைவன் கிளம்பிக்கொண்டேதான் இருக்கிறான். சங்கப் பாடல்களில் பாலைப் பாட்டுகள்தான் ஏராளம். ஆனால் அவற்றில் பேசுகிறவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், மகள் உடன்போக்குப் போனபின் நற்றாயும் செவிலித்தாயும் புலம்புகிறார்கள். அமெரிக்கப் பாட்டில் போகிறவன் பாடுகிறான். நம் பாட்டில் இருக்கிறவர்கள் பாடுகிறார்கள். பட்டினப்பாலையில் தலைவன் பேசுகிறான்தான். ஆனால் என்ன பேசுகிறான்? காவிரிப்பூம்பட்டினமே எனக்குக் கிடைத்தாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று தன் நெஞ்சுக்குச் சொல்லிப் பயணத்தையே நிறுத்திவிடுகிறான்.

சினிமாவும் இதே வழியில்தான் வந்தது. 1957இல் வந்த 'எங்க வீட்டு மகாலட்சுமி' படத்தில் உடுமலை நாராயண கவி எழுதிய பாட்டை என் வயதுக்காரர்கள் மறக்கமாட்டார்கள். புருஷன் பட்டணத்துக்குப் போகலாம் என்கிறான், பெண்டாட்டி வேண்டாம் என்கிறாள். புருஷனுக்குக் குரல் கொடுத்தவர் நம் பக்கத்துச் சீர்காழிக்காரர் கோவிந்தராஜன். 1990இல் 'ஊரு விட்டு ஊரு வந்து' படத்தில் ராமராஜனையும் கௌதமியையும் சிங்கப்பூரிலேயே நிறுத்தி வைத்து, நம்ம ஊருக்கு இது ஈடாகுமா என்று பாட வைத்தார்கள். இளையராஜாவும் ஜானகி அம்மாவும் பாடியது. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு கேட்கும் பாட்டு அது. எனக்கும் பிடிக்கும்.

ஆனால் எல்லாருக்கும் அந்த ஊர் அப்படித்தான் இருந்ததா? ஊரின் அழகைப் பாடுகிறவர், ஊரில் எந்தத் தெருவில் இருந்தார் என்பதும் ஒரு கேள்வி. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், கிராமம் என்பது அறியாமையும் குறுகிய புத்தியும் சாதிப் பற்றும் தேங்கிக் கிடக்கும் இடம் என்ற பொருளில் கடுமையாகப் பேசினார். கிராமத்தைத் தெய்வமாகப் பேசிய காலத்தில் அப்படிச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது.

இதை யோசித்துக்கொண்டே இருந்தபோதுதான், அந்த மாணவர் கேட்ட பாட்டு நம் வாசலிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. நந்தன் பாட்டு.

நமக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடத்தின் கரையில், மேற்காநாட்டு ஆதனூரில், புலையர் சேரியில் பிறந்தவர் நந்தனார் என்கிறார் சேக்கிழார். கோயில் முரசுக்கும் மத்தளத்துக்கும் தோல் கொடுத்து வந்தவர். சிதம்பரம் போய்க் கூத்தனைப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. தன் பிறப்பை நினைத்துத் தயங்கித் தயங்கி, 'நாளைப் போவேன்' என்றே நாட்களைக் கழித்தார். அதனால் திருநாளைப்போவார் என்று பெயரே வந்துவிட்டது. நம் ஊரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சினிமா பார்க்கப் போய்விட்டு ராத்திரி திரும்பியிருக்கிறோம். அந்த மனிதருக்கு அது ஆயுள்காலப் பயணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையை எடுத்து 'நந்தனார் சரித்திரம்' என்று கீர்த்தனைகளாகப் பாடினார். சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரை அவர் கதைக்குள் கொண்டுவந்தார்: பண்ணையார் வேதியர். நந்தன் உத்தரவு கேட்கிறான். அவர் மறுக்கிறார். கடைசியில், நாற்பது வேலி நிலத்தையும் நட்டு அறுத்துவிட்டுப் போ என்கிறார். கதையில் தெய்வம் ஒரே ராத்திரியில் விளைத்துக் கொடுத்துவிடுகிறது. நம் ஊர்களில் அப்படி நடப்பதில்லை.

போக வேண்டும், விடுங்கள் என்று ஒரு பண்ணையாள் கெஞ்சுவதும், நடுநடுவே நிமிர்ந்து கேட்பதும், மனசுக்குள் போய்விட்டதாகவே குதிப்பதும், எல்லாம் அந்தக் கீர்த்தனைகளில் இருக்கிறது. ஊரை விட்டுப் போவதைப் பற்றி இதைவிடப் பெரிய பாட்டு எங்கே இருக்கிறது? 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடிக்க ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். அந்தக் காலத்தில் அது ஊரே வாய் பிளந்த சம்பளம். 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார். பின்னாளில் அவர் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தார்.

கதையின் முடிவில் நந்தனார் தீயில் மூழ்கி எழுந்துதான் கோயிலுக்குள் போகிறார். அந்தத் தீயை அருள் என்று வணங்குகிறவர்கள் உண்டு. ஏன் அவர் மட்டும் தீயில் இறங்க வேண்டும் என்று கேட்கிறவர்களும் உண்டு. வாத்தியாராக எனக்கு இரண்டாவது கேள்விதான் பிடிக்கிறது. அதற்கு வேறு விதமாகப் பதில் சொன்னவர் சுவாமி சகஜானந்தர். 1916இல் அதே சிதம்பரத்தில் நந்தனார் பெயரிலேயே கல்விக் கழகம் தொடங்கி, ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கே படித்து வெளியே போனவர்கள் தீயில் இறங்க வேண்டியிருக்கவில்லை, பரீட்சை எழுதினால் போதும்.

நாற்பது வேலி என்றதும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார். தொண்ணூறுகளில் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கில் கெட்டிக்காரன். கரும்பு வெட்டு ஆரம்பித்ததும் வருவதை நிறுத்திவிட்டான். ஆலைக்கு வெட்டு நடக்கும் மாதங்களில் இப்படி ஐந்தாறு இடம் காலியாகும். அவன் வீட்டுக்குப் போனேன். அப்பா மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். "வெட்டு முடியட்டும் சாரு, நாளைக்கே அனுப்பிடறன்" என்றார். அடுத்த வாரம் போனேன். அதே நாளைக்கு. மூன்றாவது முறை போனபோது அவர் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்: "நீ படிக்க வச்சா அவன் இங்க இருப்பானா சாரு?"

இருப்பான் என்று பொய் சொல்லியிருக்கலாம். "இருக்கமாட்டான். போயிடுவான்" என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. மறுநாளும் பையன் வரவில்லை. நாலாம் நாள் வந்தான். கையெல்லாம் சோகை கிழித்த கோடு.

அவன் பத்தாவது முடித்து, ஐடிஐ படித்து, கடல் தாண்டிப் போய்விட்டான். போன பொங்கலுக்குக் குறுக்கு ரோட்டு டீக்கடையில் அவன் அப்பாவைப் பார்த்தேன். பையன் நாலு வருஷமாக வரவில்லை என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவரே முந்திக்கொண்டார். "வரட்டும், வராம போவட்டும் சாரு. என்னய மாதிரி யாருகிட்டயும் உத்தரவு கேட்டுக்கினு நிக்கல இல்ல? அது போதும்." டீக்குக் காசும் அவரே கொடுத்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரை விட்டுப் போனவர்கள் என்று நாம் ஆண்பிள்ளைகளைத்தான் எண்ணுகிறோம். பெண்பிள்ளைகள் எல்லாரும் போனவர்கள்தானே! இருபது வயதில் பிறந்த வீட்டையும் பிறந்த ஊரையும் ஒரே நாளில் விட்டுப் போகிறார்கள். அதை நாம் ஊரை விட்டுப் போவது என்று சொல்வதில்லை, வாழப் போவது என்கிறோம். என்னிடம் படித்த பெண் ஒருத்தி நர்ஸ் படிப்புக்கு வெளியூர் போக வேண்டும் என்றபோது வீட்டில் "அவ்வளவு தூரமா?" என்றார்கள். அடுத்த வருஷம் அதைவிடத் தூரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அப்போது தூரம் யார் கண்ணிலும் படவில்லை. அவள் இதைப் படிப்பாள் என்று தெரியும். நன்றாக இரு அம்மா. உன் மகளை அவள் கேட்கிற இடத்துக்கு அனுப்பு.

நம் ஊரே ஒரு குறுக்கு ரோடுதான். கிழக்கே சிதம்பரம், மேற்கே விருத்தாசலம், தெற்கே கும்பகோணம், வடக்கே போனால் பட்டணம். 2004 முதல் வீராணத்துத் தண்ணீர்கூட இங்கிருந்து குழாய் ஏறி 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. அதற்கு முன்னால் 1970களில் பாதியில் நின்ற திட்டத்தின் ராட்சசக் குழாய்கள் ரோட்டோரம் வருஷக்கணக்கில் கிடந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீர் போகும் முன்னே பிள்ளைகள் போய்விட்டார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆனால் வேடிக்கையாகச் சொல்ல முடியாத போவதும் இருக்கிறது. 2023 ஜூலையில் பக்கத்து வளையமாதேவியில், பச்சை நெல் நின்ற வயலில் சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கிய படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். நெய்வேலியைச் சுற்றி நிலம் கொடுத்துவிட்டு இடம் பெயர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் போகிறேன் என்று பாடவில்லை. இருக்கிறேன் என்றுதான் சொன்னார்கள். இருக்க முடிகிறவன் கிளம்பினால்தான் அது பயணம். இருக்க விடாமல் கிளம்பினால் அதற்குப் பெயர் வேறு.

ஆகவே அமெரிக்க மாணவருக்கு என் பதில் இதுதான். நம்மிடம் அந்தப் பாட்டு இருக்கிறது தம்பி. ஆனால் நம் ஆள் எடுத்த உடனே போகிறேன் என்று பாட முடியவில்லை, போகலாமா என்று கேட்க வேண்டியிருந்தது. அதனால் நம் பாட்டு உத்தரவு கேட்கும் பாட்டாக இருக்கிறது. கேட்கத் தேவையில்லாத பிள்ளைகளை உருவாக்குவதுதான் முப்பது வருஷத்துக்கு மேல் நான் பார்த்த வேலை. மாற்றுச் சான்றிதழில் 'நன்னடத்தை: நன்று' என்று எழுதி, கையெழுத்துக்கு அனுப்பிய ஒவ்வொரு பிள்ளையும் ஒரு திசையில் போயிருக்கிறது.

போகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரிலேயே இருந்து நடவு நட்டு, கடை வைத்து, ஆட்டோ ஓட்டி, வயசான அப்பா அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருப்பவர்கள் தோற்றவர்கள் இல்லை. போன அண்ணன் தம்பிகள் நிம்மதியாகத் தூங்குவது உங்களால்தான். அதை அவர்கள் உங்களிடம் சொல்லாவிட்டால் என் சார்பில் ஒரு குட்டு வையுங்கள்.

நீங்கள் ஊரை விட்டுக் கிளம்பிய நாளில் உங்களை பஸ் ஏற்றிவிட வந்தவர் யார்? கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். ஒற்றுப்பிழை இருந்தால் திருத்துவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
சேத்தியாத்தோப்பு