பேய்த்தீவின் பறவை

நுழையும்முன்

ஓர் உயிரினம் அழிந்துவிட்டதென்று உலகம் முடிவுசெய்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், அது ஒரு பாறை இடுக்கில் உயிரோடிருப்பது தெரியவந்தால் என்ன செய்வது? கண்டுபிடிப்பது ஒரு நாளில் முடிந்துவிடும். காப்பாற்றுவதற்கோ ஒரு வாழ்நாள் வேண்டும். அவ்வாறு தம் வாழ்நாளைத் தந்த ஒருவரைப் பற்றியும் அவர் காத்த பறவையைப் பற்றியும் இக்கட்டுரை பேசுகிறது.

பாறை இடுக்கில் ஒரு முகம்

1951ஆம் ஆண்டு சனவரி 28. வட அட்லாண்டிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் பெர்முடாத் தீவுக்கூட்டத்தின் கிழக்கோரத்தில், அலைகள் மோதும் ஒரு சிறு பாறைத்திட்டில் சிலர் இறங்கினர். ஒருவர் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கடற்பறவை அறிஞர் ராபர்ட் குஷ்மன் மர்பி. மற்றொருவர் பெர்முடாவின் இயற்கை ஆய்வாளர் லூயிஸ் மௌபிரே. அவர்களுடன் பதினைந்து வயதுப் பள்ளி மாணவன் ஒருவனும் வந்திருந்தான். பறவைகள்மீது அவன் கொண்டிருந்த ஆர்வத்தை அறிந்து அவனையும் படகில் ஏற்றிக்கொண்டிருந்தனர். அவன் பெயர் டேவிட் விங்கேட்.

ஆழமான ஒரு பாறை இடுக்கினுள் ஏதோ ஒரு பறவை அமர்ந்திருந்தது. சுருக்குக் கயிறு கட்டிய நீண்ட கழியை உள்ளே செலுத்தி, மெல்ல அதனை வெளியே இழுத்தனர். கரிய முதுகும் வெண்ணிற வயிறும் வளைந்த அலகும் கொண்ட அப்பறவையைக் கண்டதும் மர்பி வியப்பில் ஆழ்ந்தார். 1620களிலேயே அழிந்துபோனதாகக் கருதப்பட்ட ‘கஹவ்’ என்னும் கடற்பறவை அவர் கைகளில் துடித்துக்கொண்டிருந்தது. அருகில் நின்று அதைப் பார்த்த சிறுவனின் எதிர்காலம் அந்த நொடியிலேயே முடிவாகிவிட்டது.

பேய்களின் குரல்

ஐரோப்பிய மாலுமிகள் பதினாறாம் நூற்றாண்டில் பெர்முடாவைப் ‘பேய்களின் தீவு’ என்று அழைத்தனர். கப்பல்களைப் பிளக்கும் பவளப்பாறைகள் அதனைச் சூழ்ந்திருந்தன. இருள் கவிந்ததும் வானமெங்கும் அலறல்கள் எழுந்தன. தீய ஆவிகளே அவ்வாறு ஓலமிடுகின்றன என்று மாலுமிகள் அஞ்சினர். உண்மையில், பகலெல்லாம் கடலில் திரிந்து இரவில் மட்டும் கரைக்குத் திரும்பும் இலட்சக்கணக்கான கஹவ் பறவைகளின் காதல் அழைப்பே அக்குரல். அதன் பெயரும் அவ்வொலியிலிருந்தே பிறந்தது.

அச்சம் இருந்தவரை பறவைகளும் இருந்தன. ஆயினும், கப்பல் உடைந்து ஒதுங்குவோருக்கு உணவாகட்டுமென மாலுமிகள் விட்டுச்சென்ற பன்றிகள் பெருகி, மண்ணைக் கிளறி, வளைகளிலிருந்த முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. 1609இல் ‘சீ வென்ச்சர்’ என்னும் ஆங்கிலேயக் கப்பல் பெர்முடாவின் பாறைகளில் மோதி நின்றது. அதிலிருந்து உயிர்பிழைத்துக் கரையேறியவர்கள், மனிதரைக் கண்டு அஞ்சத் தெரியாத இப்பறவைகளைக் கைகளாலேயே பிடிக்க முடிவதைக் கண்டனர். 1612இல் நிலையான குடியேற்றம் தொடங்கிற்று. பூனைகளும் நாய்களும் எலிகளும் உடன்வந்தன. எலிகள் தானியத்தை அழித்ததால் பஞ்சம் வந்தபோது, பசித்த மக்கள் பறவைகளையே உண்டு உயிர்வாழ்ந்தனர். கஹவைக் கொன்று குவிப்பதைத் தடுக்க ஆளுநர் விரைவிலேயே ஆணை பிறப்பித்தார். பறவைகளைக் காக்க இயற்றப்பட்ட பழமையான ஆணைகளுள் அதுவும் ஒன்று. ஆனால், ஆணை வந்தபோது காலம் கடந்துவிட்டது. சில ஆண்டுகளில் பேய்த்தீவின் இரவுகள் அமைதியாயின.

ஓராண்டுக்கு ஒரு முட்டை

இலட்சக்கணக்கில் வாழ்ந்த பறவை இவ்வளவு விரைவில் மறைந்தது எவ்வாறு? விடை அதன் வாழ்க்கைமுறையில் இருக்கிறது. கண்டங்களிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள தீவுகளில் தரைவாழ் ஊனுண்ணிகள் பொதுவாக இருப்பதில்லை. எனவே, அங்கு வாழும் கடற்பறவைகள் தரையில் வளை தோண்டி அச்சமின்றி முட்டையிடுகின்றன. கஹவ் ஓராண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். சனவரியில் இடப்படும் முட்டை மார்ச்சில் பொரிக்கும். குஞ்சு மே அல்லது சூன் மாதத்தில் கடலுக்குப் பறக்கும். இளம்பறவை சில ஆண்டுகள் கரையைக் காணாமலே கடலில் திரிந்து வளர்ந்து, பின்னர்த் தான் பிறந்த இடத்தைத் தேடி வரும். நீண்ட ஆயுளும் குறைந்த மகப்பேறும் கொண்ட இவ்வினத்தால், பகையற்ற நிலத்தில் பெருகி வாழ முடியும். எலியும் பூனையும் புகுந்த நிலத்தில் தாக்குப்பிடிக்க முடியாது.

இழப்பு பறவையோடு நிற்பதுமில்லை. கடலில் மீனும் கணவாயும் உண்டு கரைக்கு வரும் பறவைகளின் எச்சம் தீவின் மண்ணுக்கு உரமாகிறது. கடலின் வளத்தைச் சிறகில் சுமந்துவந்து நிலத்தில் சேர்க்கும் பணியை அவை செய்கின்றன. பறவைகள் மறைந்தால் மண் மெலியும். மண் மெலிந்தால் மரமும் மெலியும்.

அளந்து செய்த வாயில்

அமெரிக்காவில் விலங்கியல் பயின்ற விங்கேட், 1950களின் இறுதியில் தாயகம் திரும்பினார். விரிவாகத் தேடியபின் கிடைத்த கணக்கு அதிர்ச்சியளித்தது. உலகம் முழுவதிலும் எஞ்சியிருந்தவை 18 இணைகளே. அவையும் மொத்தம் ஒரு ஹெக்டேர் பரப்புகூட இல்லாத சில பாறைத்திட்டுகளில் ஒண்டிக்கொண்டிருந்தன. அங்கே வளை தோண்டப் போதிய மண் இல்லை. கிடைத்த பாறை இடுக்குகளுக்கோ நீண்ட வால்கொண்ட வெண்ணிறக் கடற்பறவை ஒன்று போட்டியிட்டது. வசந்தத்தில் வரும் அப்பறவை, தாய் தந்தை கடலுக்குச் சென்றிருக்கும் வேளையில் கஹவ் குஞ்சைக் கொன்று இடுக்கைக் கைப்பற்றிக்கொள்ளும். ஆண்டுதோறும் பாதிக்கும் மேற்பட்ட குஞ்சுகள் இவ்வாறு மடிந்தன.

தீர்வு எளியது, ஆனால் நுட்பமானது. நீள்வால் பறவையின் உடல் கஹவின் உடலைவிடச் சற்றே பெரியது. எனவே, கஹவ் மட்டும் நுழையும் அளவில் துளையிட்ட மரப்பலகையை ஒவ்வோர் இடுக்கின் வாயிலிலும் பொருத்தினர். சில மில்லிமீட்டர் வேறுபாடு ஓர் இனத்தின் வாழ்வையும் சாவையும் பிரித்தது. இடுக்கு இல்லாத இடங்களில் விங்கேட் கற்காரையால் செயற்கை வளைகளைத் தம் கைகளாலேயே கட்டினார். கொந்தளிக்கும் கடலில் சிறு படகில் சென்று, வழுக்கும் பாறைகளில் சிமெண்டுச் சுமையுடன் ஏறிச் செய்த பணி அது.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

வாயில் அடைபட்ட பின்னரும் குஞ்சுகளின் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி உயரவில்லை. முட்டைகள் பொரிக்கவில்லை, பொரித்த குஞ்சுகள் சில நாள்களில் இறந்தன. விங்கேட்டும் அறிவியலாளர் சார்லஸ் வூர்ஸ்டரும் அவற்றை ஆய்ந்தபோது டி.டி.டி. பூச்சிக்கொல்லியின் எச்சம் தென்பட்டது. தங்கள் முடிவை 1968இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர்.

அவ்வாய்வு எழுப்பிய கேள்வி பெரிது. கஹவ் வயலுக்குச் செல்வதில்லை. பெர்முடாவின் பாறைகளைத் தவிர வேறு நிலத்தை மிதிப்பதுமில்லை. அதன் உடலில் பூச்சிக்கொல்லி எவ்வாறு புகுந்தது? கண்டங்களின் வயல்களில் தெளித்த நஞ்சு காற்றிலும் நீரிலும் கலந்து கடலை அடைந்தது. நுண்ணுயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் சென்று செறிந்தது. உலகின் எந்த மூலையும் தொலைதூரமன்று என்பதற்கு அச்சிறு பறவை சான்றாயிற்று. 1972இல் அமெரிக்கா வேளாண்மையில் டி.டி.டி. பயன்பாட்டைத் தடைசெய்தது.

ஒரு தீவை மீட்டெடுத்தல்

பறவையைக் காத்தால் போதாது. அதற்கொரு வீடும் வேண்டும் என்று விங்கேட் உணர்ந்தார். பாறைத்திட்டுகளை அடுத்து ஏறத்தாழ ஆறு ஹெக்டேர் பரப்பில் நான்சச் என்னும் தீவு கிடந்தது. பெர்முடாவுக்கே உரிய சீடார் மரங்கள் 1940களில் செதில்பூச்சித் தாக்குதலால் பட்டுப்போயிருந்தன. 1962இல் விங்கேட் குடும்பத்துடன் அத்தீவில் குடியேறினார். மண்ணின் மரபு மரங்களை ஆயிரக்கணக்கில் நட்டார். நண்டுகள் மிகுந்தபோது, அவற்றை உண்ணும் இராக்கொக்கின் குஞ்சுகளை ஃபுளோரிடாவிலிருந்து கொண்டுவந்து வளர்த்தார். தம் காலத்தில் கஹவ் அங்கு வருமா என்பது தெரியாமலேயே அதற்கான காட்டை அவர் வளர்த்தார்.

காப்போனுக்குக் கடினமான முடிவுகளும் நேரும். 1987இல் வடதுருவப் பகுதிக்குரிய பனி ஆந்தையொன்று வழிதவறிப் பெர்முடாவை வந்தடைந்தது. அது ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கஹவ் பறவைகளைக் கொன்றது. பறவைகளுக்காகவே வாழ்ந்த விங்கேட் துப்பாக்கியை எடுத்து அந்த ஆந்தையைச் சுட்டார். ஆந்தை தன் பசிக்கு இரை தேடிற்று, அதன்மீது குற்றமில்லை. ஆனால், உலகில் எஞ்சியிருந்த கஹவ்களை விரல்விட்டு எண்ணிவந்தவருக்கு ஐந்து என்பது சிறிய எண்ணன்று. அந்த எண்ணிக்கையை அவ்வளவு சிறிதாக்கியவர்கள் முந்தைய நூற்றாண்டுகளின் மனிதர்களே. அவர்களின் பிழைக்கு ஆந்தையும் விலைகொடுக்க நேர்ந்தது.

வீடு மாறிய குஞ்சுகள்

2003 செப்டம்பரில் ஃபேபியன் புயல் பாறைத்திட்டுகளைத் தாக்கிப் பல வளைகளைச் சிதைத்தது. பறவைகள் அப்போது கடலில் இருந்ததால் தப்பின. கடல்மட்டம் உயர்ந்துவரும் காலத்தில் தாழ்ந்த பாறைகளை நம்ப இயலாது என்பது தெளிவாயிற்று. விங்கேட் ஓய்வுபெற்றபின் அப்பொறுப்பை ஏற்ற ஜெரமி மதெய்ரோஸ், 2004 முதல் 2008 வரை நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகளை நான்சச் தீவின் செயற்கை வளைகளுக்கு மாற்றினார். அவற்றுக்கு மீனும் கணவாயும் ஊட்டப்பட்டன. கஹவ் குஞ்சு பறப்பதற்குச் சில நாள்கள் முன்பு இரவில் வளையைவிட்டு வெளியே வரும், சிறகடித்துப் பழகும், சுற்றுப்புறத்தை மனத்தில் பதித்துக்கொள்ளும். அந்நினைவே பிற்காலத்தில் அதனை அழைத்துவரும். ஆகவே அதற்கு முன்பே குஞ்சுகள் இடம் மாற்றப்பட்டன.

பறந்துபோனவை திரும்புமா? சில ஆண்டுகள் காத்திருந்தனர். 2008இல் முதற்பறவைகள் நான்சச் தீவுக்கே திரும்பின. 2009இல், ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின், அத்தீவில் ஒரு கஹவ் குஞ்சு பிறந்தது. 2012இல் இணைகளின் எண்ணிக்கை நூறைக் கடந்தது. இன்று நூற்றைம்பதையும் கடந்துள்ளது.

அழிப்பதற்குப் பெரிய தீமை வேண்டியதில்லை. சில பன்றிகளும் எலிகளும் கவனமின்மையும் போதும். மீட்பதற்கோ மரப்பலகையில் ஒரு துளை, கற்காரை வளை, நட்ட மரம், ஊட்டிய மீன் என எண்ணற்ற சிறு செயல்கள் தலைமுறை கடந்து தொடர வேண்டியிருக்கிறது. பதினைந்து வயதில் விங்கேட் பார்த்தது ஒரு பறவையின் முகம் மட்டுமே. எழுபது வயதைக் கடந்தபின், தாம் நட்ட மரங்களின் நடுவே அப்பறவையின் குஞ்சு பிறந்த செய்தியை அவர் கேட்டார். முன்னொரு காலத்தில் மாலுமிகள் பேய்க்குரலென அஞ்சிய ஓசை, அத்தீவின் குளிர்கால இரவுகளில் இப்போது மீண்டும் ஒலிக்கிறது.