இருவரும் அமர்ந்து உண்ணும் வேளை



உபாகமம் 24ஆம் அதிகாரம் 5ஆம் வசனத்தில் ஒரு சிறிய கட்டளை இருக்கிறது. திருமண ஆராதனைகளில் அதைக் குறித்து அதிகமாகப் பிரசங்கிக்கக் கேட்டதில்லை. புதிதாக மணமுடித்தவனை யுத்தத்துக்கு அனுப்பக்கூடாது. வேறு வேலையையும் அவன்மேல் சுமத்தக்கூடாது. ஓராண்டு முழுவதும் அவன் தன் வீட்டில் இருந்து தன் மனைவியை மகிழ்விக்க வேண்டும் என்பது அதன் சாரம். யுத்தமும் அறுவடையும் ஆட்களைக் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு சமுதாயத்துக்குத் தேவன் கொடுத்த சட்டம் இது. கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் நேரத்தை அவ்விருவரின் வசதிக்கு அவர் விட்டுவிடவில்லை. அவன் வீட்டில் இருக்க வேண்டுமானால், படையில் அவனுடைய இடத்தில் வேறொருவன் நிற்க வேண்டும். அந்த வேறொருவனும் இந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறவனே.

இந்த வசனத்தை நம்முடைய ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் சாலையில் நின்று வாசித்துப் பார்க்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசித் தொழிற்சாலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஏரிக்கரையையும் நெல்வயலையும் பார்த்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று கம்பெனி பஸ்ஸின் நேரத்தைப் பார்த்து வாழ்கிறார்கள். பெண்கள் தொழிற்சாலைகளில் இரவில் வேலை செய்வதற்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்திருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் நீக்கியது. பாதுகாப்புக்கான நிபந்தனைகளையும் விதித்தது. அதனால் நம்முடைய சகோதரிகளுக்குத் திறந்த கதவுக்காக நன்றி செலுத்துகிறோம். ஆயினும் கணவனுக்கு ஒரு கம்பெனியும் மனைவிக்கு வேறொரு கம்பெனியுமாக, ஷிப்டுகள் வாரந்தோறும் மாறும்போது, ஒரே கூரையின்கீழ் வாழும் இருவர் ஒருவரையொருவர் காணாமலே ஒரு வாரத்தைக் கடத்திவிட முடிகிறது.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்படிப்பட்ட ஒரு தம்பதியர் என்னிடம் வந்தார்கள். இதை எழுத அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். அவர் வாகனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறவர். அவள் மின்னணு உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் இருக்கிறவள். அவர்களுக்கு நான்கு வயதில் ஒரு மகன். அவர் இரவு ஷிப்டு முடித்து வரும்போது அவள் புறப்பட்டு நிற்பாள். வாசலில் குழந்தையைக் கைமாற்றிக்கொள்வதே பெரும்பாலும் அவர்களுடைய சந்திப்பாயிருந்தது. குழந்தையோடு திருவண்ணாமலைப் பக்கம் தன் தாய்வீட்டுக்கே போய்விடலாமா என்று கேட்கத்தான் அவள் வந்திருந்தாள்.

"உங்களுக்குள் என்ன சண்டை?" என்று கேட்டேன்.

"சண்டை ஒன்றும் இல்லை ஐயா," என்றாள். "சண்டை போடுவதற்காவது ரெண்டு பேரும் வீட்டில் இருக்க வேண்டாமா?"

அவர் தலைகுனிந்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவள் போனால் நல்லதோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது ஐயா. பிள்ளைக்காவது ஒழுங்கான தூக்கம் கிடைக்கும்."

கோபத்தோடு பிரிய வருகிறவர்களோடு பேசுவது எளிது. அவர்களிடம் இன்னும் நெருப்பு இருக்கிறது. இவர்களிடம் களைப்பு மட்டுமே இருந்தது. ஜெபித்தோம். ஒரு மாதம் பொறுத்திருக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

அதே பிப்ரவரியில் எங்களுக்குத் திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவடைந்தன. பிள்ளைகள் இருவரும் தங்கள் சம்பளத்தில் மிச்சம்பிடித்து, எங்களுக்கு இரண்டு இரவுகளை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒன்று புதுச்சேரியில், மற்றொன்று தரங்கம்பாடியில். இரண்டும் கடலோரத்துப் பழைய மாளிகைகளை விடுதியாக்கிய இடங்கள். அந்தத் தம்பதியரின் முகம் கண்முன் இருக்கும்போது இப்படி ஒரு பயணம் போவது எனக்குத் தயக்கமாயிருந்தது. என் மனைவியிடம் சொன்னேன். அவள் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "நாம போகாம இருந்தா அவங்க சேர்ந்து சாப்பிட்டுடுவாங்களா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. புறப்பட்டோம்.

புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியை நீங்கள் அறிவீர்கள். 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய பின்பு அதே தெருக்களில் மீண்டும் எழுப்பப்பட்ட நகரம் அது. உயர்ந்த வாசல், மஞ்சள் சுவர், உள்ளே மரங்கள் நிற்கும் முற்றம் என்று அமைந்த ஒரு வீட்டில் தங்கினோம். அன்று இரவு அந்த முற்றத்தில் எங்களுக்கு உணவு மேசை போடப்பட்டது. வெள்ளைத் துணி விரித்து, சிறு விளக்கு வைத்து, முதலில் சூப்பும் பிறகு மீனுமாக ஒவ்வொன்றாய்க் கொண்டுவந்தார்கள். என் மனைவியால் முதலில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. தட்டு வரும்போதெல்லாம் எழுந்து வாங்கப் போனாள். எனக்குப் பரிமாறக் கரண்டியைத் தேடினாள். நம்முடைய வீடுகளில் சமைத்தவளே நின்று பரிமாறி, எல்லாரும் எழுந்தபின் ஆறிய சோற்றோடு உட்காருகிறாள். இரண்டாவது தட்டு வந்தபோது அவள் நாற்காலியில் சாய்ந்தாள். சூடு ஆறுவதற்குள் உண்டாள். பிறகு, எங்கள் திருமணத்துக்கு முன்பு மறைந்துபோன தன் தகப்பனாரைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். இருபத்தைந்து ஆண்டுகளில் நான் கேட்டிராத கதைகள். விளக்கை அணைக்கும் நேரம்வரை பேசிக்கொண்டிருந்தோம். அந்த உணவின் சுவை எனக்கு இப்போது நினைவில் இல்லை. இருவரில் ஒருவரும் எழுந்துபோக வேண்டியதில்லை என்பதே அந்த மேசையின் சிறப்பு.

மறுநாள் கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடிக்குப் போனோம். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 1620இல் டேனியர் அங்கே கோட்டை கட்டினார்கள். 1845இல் ஊரை ஆங்கிலேயரின் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்கு அருகில், கடலைப் பார்த்தபடி, அகன்ற தாழ்வாரங்களோடு நிற்கிறது 'பங்களா ஆன் தி பீச்'. ஒருகாலத்தில் ஆங்கிலேய அதிகாரியின் இல்லமாயிருந்த கட்டடம். மாலையில் ராஜ வீதியில் நடந்து புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போனோம்.

1706 ஜூலை 9ஆம் நாள் அந்தக் கரையில் இறங்கிய சீகன்பால்க் ஐயர் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தமிழ் கற்றார், பள்ளிகள் தொடங்கினார், சிறையிருந்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார், 1718இல் அந்த ஆலயத்தைக் கட்டி முடித்தார். 1719 பிப்ரவரி 23ஆம் நாள், 36 வயதில் மரித்தார். நாங்கள் போன மாதத்தோடு அதற்குச் சரியாக முந்நூறு ஆண்டுகள். இவற்றையெல்லாம் நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அன்று என் மனைவி வேறொன்றைக் கேட்டாள்: "அவருக்கு எப்போது கல்யாணம் ஆச்சு?" 1716இல் என்றேன். ஐரோப்பாவுக்குப் போயிருந்தபோது மரியா டோரோத்தியாவை மணந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் அவரோடு திரும்பி வந்தார். அவள் விரலை மடக்கி எண்ணினாள். "அப்படின்னா அந்த அம்மாவுக்கு இந்த ஊரில் கிடைச்சது ரெண்டரை வருஷம்தான்." கல்லறைக்கு முன்பாக அவள் சற்றுநேரம் நின்றாள். ஊழியத்தின் வரலாற்றை ஆண்டுகளாய் எண்ணப் பழகிய எனக்கு, இல்லறத்தின் ஆண்டுகளையும் அப்படி எண்ணலாம் என்பது புதிதாயிருந்தது.

அன்று இரவு விடுதியில் எங்களுக்குப் பரிமாறிய இளைஞனிடம் அவள், "தம்பி, நீ சாப்பிட்டியா?" என்றாள். "டூட்டி முடிஞ்சதும் சாப்பிடுவேன்மா," என்றான். காலையிலும் அவனே காபி கொண்டுவந்தான். நாங்கள் அமர்ந்திருந்த அந்த இரண்டு இரவுகளும் யாரோ நின்றதால் எங்களுக்குக் கிடைத்தவை என்பதை அப்போது முழுமையாக உணர்ந்தேன்.

விடியற்காலையில் தாழ்வாரத்திலிருந்து பார்த்தபோது, இரவெல்லாம் கடலில் இருந்த படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வாரிக்கொண்டுபோன கரை அது. அதே கரையில் மீண்டும் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. யோவான் சுவிசேஷத்தின் 21ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. சீஷர்கள் ஏழு பேர் இரவு முழுவதும் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் வருகிறார்கள். நம்முடைய வார்த்தையில் சொன்னால், இரவு ஷிப்டு முடிந்து வருகிறார்கள். கரையில் கரிநெருப்பு எரிகிறது. அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. அவர்கள் பிடித்த 153 மீன்கள் கரை சேர்வதற்கு முன்பே அந்த உணவு ஆயத்தமாயிருந்தது. மரணத்தை ஜெயித்து எழுந்த ஆண்டவர், ஆணி பாய்ந்த கரங்களால் அப்பத்தை எடுத்து அவர்களுக்குக் கொடுக்கிறார். பேதுருவோடு பேசவேண்டிய பெரிய காரியம் ஒன்று அவருக்கு இருந்தது. ஆயினும் அவர்கள் உண்டு முடிக்கும்வரை அதை அவர் தொடங்கவில்லை. களைத்தவர்களை முதலில் அமர வைத்தார், தாம் பரிமாறினார்.

பிரியமானவர்களே, என் ஒரு மாதத் தவணைக்கு விடை அங்கே கிடைத்தது. அந்தத் தம்பதியருக்கு என் ஆலோசனையைவிட, அவர்களுக்காக நிற்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

திரும்பி வந்ததும் சபையின் மூத்த தாய்மார்களிடம் பேசினேன். "பையனை என்கிட்ட விடச் சொல்லுங்க," என்று ஒரு பாட்டியம்மா அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சட்டம் தரும் ஊதியத்தோடு கூடிய விடுப்பில் ஒன்றை, மனைவியின் வார விடுமுறை நாளோடு பொருந்துமாறு கணவர் எடுத்தார். வழிச்செலவுக்கு ஒரு மூப்பர் பணம் கொடுத்தார். இருவரும் செங்கல்பட்டுக்குப் போய், அங்கிருந்து மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினார்கள். மாளிகை விடுதி இல்லை. கடற்கரைக் கடையில் பொரித்த மீனும் சோறும்.

மறு வாரம் அவள் வந்து சொன்னாள்: "முதல் ஒரு மணி நேரம் என்ன பேசறதுன்னே தெரியலை ஐயா. சாப்பிட்டதும் அவர் மணலிலேயே தூங்கிட்டார். எழுப்ப மனசு வரலை. அவர் தூங்கும்போது நான் எப்பவும் பஸ்ஸில்தான் இருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து ரொம்ப நாளாச்சு."

அவள் தாய்வீட்டுக்குப் போகவில்லை. அவர்களுடைய ஷிப்டுகள் இன்றும் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன, களைப்பும் தீர்ந்துவிடவில்லை. மாதத்தில் ஒரு நாள் மட்டும் அவர்களுக்கென்று காக்கப்படுகிறது. பெருந்தொற்றுக் காலம் நீங்கலாக, அன்றுமுதல் நம் சபையில் இது ஒரு வழக்கமாயிற்று. ஒரு வீட்டின் பிள்ளைகளை இன்னொரு வீடு ஒருநாள் ஏற்றுக்கொள்கிறது. உபாகமம் சொன்ன அந்த வேறொருவனின் இடத்தில் நிற்பதற்கு, பிள்ளைக்குச் சோறூட்டத் தெரிந்த ஒரு பாட்டியும் போதும் என்று கற்றுக்கொண்டோம்.

வசதியுள்ளவர்கள் கடலோர மாளிகைக்குப் போங்கள், அது பாவமல்ல. அங்கே உங்களுக்குப் பரிமாறுகிறவர்களின் பெயரைக் கேளுங்கள். வசதியில்லாதவர்கள் வீட்டிலேயே ஒரு வேளை இருவரும் அமர்ந்து, ஒரே நேரத்தில் உண்ணுங்கள். உங்கள் தெருவில் அதற்கும் வழியில்லாத ஒரு வீடு இருக்கும். இந்த வாரம் அந்த வீட்டின் கதவைத் தட்டி, "பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள்.

ஜெபம்: கரையில் நெருப்பு மூட்டிக் காத்திருந்த ஆண்டவரே, இந்தச் சாலையில் இரவும் பகலும் உழைக்கும் கணவன்மாரையும் மனைவிமாரையும் நினைத்தருளும். அவர்களை ஒரே மேசையில் அமரச் செய்யும். அவர்கள் அமரும்படி நின்று பரிமாறும் கிருபையை எங்களுக்குத் தாரும். ஆமென்.