கரிசல் எங்கிருந்து வந்தது?

கோவில்பட்டிக்கு வெளியே என் தங்கை மனை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் மேட்டில் நின்ற பழைய வீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தாழ்வில் இருந்த புது வீட்டிலோ ஜன்னல் மூலையிலிருந்து தளம் வரை குறுக்கே விரிசல் ஓடியிருந்தது. இரண்டையும் கட்டியவர் ஒரே கொத்தனார். கேட்டேன். “சாமான்ல குறை இல்ல அண்ணாச்சி. அது செவல்ல நிக்குது, இது கரிசல்ல நிக்குது. கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுண்டும். சுவர் என்ன செய்யும்?” என்றார்.

ஒரே தெருவுக்குள் மண் எப்படி மாறும்? இந்தக் கரிசல் இங்கே எப்படி வந்தது? அன்றிலிருந்து இதைத்தான் துருவிக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் ஒரு விடை சொல்லித் தந்திருந்தார்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்த எரிமலைக் குழம்பு இறுகிப் பசால்ட் பாறையானது. அது சிதைந்து கரிசலானது. மகாராஷ்டிரத்துக்கு அது பொருந்தும். ஆனால் அந்தக் குழம்பு நம் பக்கம் எட்டவே இல்லை. கோவில்பட்டி வட்டாரத்தில் கிணறு வெட்டினால் அடியில் தட்டுப்படுவது நைஸ் என்ற, பட்டை பட்டையாக வரியோடிய பழம்பாறை. மேட்டுச் செவலுக்கு அடியிலும் பெரும்பாலும் அதே பாறைதான்.

அப்படியானால் வேறுபாட்டை உண்டாக்கியது எது? மண்ணியல் நூல்களைப் புரட்டியபோது விடை பாறையில் இல்லை, தண்ணீர் போன வழியில் இருந்தது. மழைநீர் பாறையிலிருந்து சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சிலிக்கா எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. மேட்டில் நீர் தங்காததால் இவை கழுவப்பட்டுப் போகின்றன. மிஞ்சும் இரும்பு காற்றுப்பட்டுச் சிவக்கிறது. அது செவல். தாழ்வில் நீர் வடியாமல் தேங்கி, நம் வறண்ட வெயிலில் ஆவியாகிறது. கரைந்து வந்தவை அங்கேயே தங்கி, ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமமாகக் கூடுகின்றன. ஏடு ஏடாக அடுக்கிய அந்தக் கனிமம் ஏடுகளுக்கிடையே நீரை வாங்கிப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். கறுப்பு நிறத்தைப் பார்த்து மக்கு நிறைந்த மண் என்று நினைக்கிறோம். அதில் கரிமச் சத்து பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்கைக்கூடத் தொடாது. இருக்கும் கொஞ்சம் மக்கு களியோடு இறுகப் பிணைந்திருப்பதால்தான் அத்தனை கறுப்பு.

புதிதாகத் தோண்டிய ஒரு குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். மேலே பொலபொலவென்று உதிரும் மண். அதற்குக் கீழே கை நுழையும் வெடிப்புகள். இன்னும் கீழே, சாய்வான களிப்பாளங்களின் முகம் எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கியது. உப்பும்போது பாளங்கள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த தடம் அது. நடுநடுவே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள். அடியில் சுக்கான், அதற்கும் அடியில் மக்கிய பாறை.

அந்த மண்ணில் கொஞ்சம் எடுத்துவந்து, மண் பரிசோதனைக் கூடங்களில் செய்யும் சோதனையைச் செய்துபார்த்தேன். உலர்த்திச் சலித்த மண் பத்துப் பத்துக் கிராம். ஒரு குடுவையில் மண்ணெண்ணெய், மற்றதில் காய்ச்சி வடித்த நீர். மண்ணெண்ணெயில் கரிசல் உப்பாது. 24 மணி நேரம் கழித்து நீரில் கிடக்கும் மண் எவ்வளவு கூடுதலாக எழும்பியிருக்கிறதோ, அதுவே அதன் உப்பும் தன்மை. 50 சதவீதத்தைத் தாண்டினால் மிகக் கடுமையான மண் என்று கணக்கு. என் குடுவையில் அதைத் தாண்டியிருந்தது.

இந்தப் பிறப்புக் கதை தெரிந்தால் கட்டும் முறையும் தெளிவாகிறது. மழையும் வெயிலும் எட்டும் ஆழம் வரைதான் கரிசல் அசையும். அதனால் ஆழமான கரிசலில் மேலாக வானம் தோண்டிக் கல் கட்டுவது போதாது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே பைல் என்ற, அடியில் குமிழ்போல் அகன்ற தூண் அடித்தள முறையை வளர்த்தெடுத்தது. அந்தப் பைல் தரைக்குக் கீழே குறைந்தது 3.5 மீட்டராவது இறங்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

செப்டிக் டேங்கில் சிக்கல் இரட்டிப்பு. கோடையில் உறிஞ்சு குழிக்குள் ஊற்றிய நீர் வெடிப்பு வழியாகச் சட்டென்று மறையும். பக்கத்துக் கிணற்றுக்கும் போய்ச் சேரலாம். ஐப்பசி மழையில் களி உப்பி வெடிப்பு மூடினால் சொட்டு நீர் இறங்காது. அதனால்தான் சோதனைக் குழியில் முதலில் நீர் நிரப்பி, மண்ணை ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் நீர் இறங்கும் வேகத்தை அளக்கச் சொல்கிறார்கள். 25 மில்லிமீட்டர் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் உறிஞ்சு குழி அங்கே உதவாது. கழிவுநீரை வடிகட்டி வெளியேற்ற வேறு ஏற்பாடு வேண்டும்.

தோட்டத்துக்கும் இதே கதைதான். சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிட்டாது. செம்பருத்தியின் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதே மண்ணில் பருத்தி, கம்பு, உளுந்து, மல்லி எல்லாம் மானாவாரியாகவே விளைகின்றன. ஈரத்தைப் பிடித்துவைக்கும் அதே குணம்தான் பயிரைக் காக்கிறது, சுவரைப் பிளக்கிறது. குறை மண்ணில் இல்லை. மண்ணைக் கேட்காமல் வேலை தொடங்குவதில்தான்.

இப்போது மனைப்பிரிவுகளில் கரிசல் மேல் கிராவலை விரித்துவிடுகிறார்கள். மேலே பார்த்தால் எல்லாம் செவல். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன், மழைநீர் எங்கே தேங்குகிறது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள். ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டச் சொல்லி, நீங்களே இறங்கிப் பாருங்கள். வீட்டுக்கு ஆகும் செலவில் அந்தக் குழிக்கூலி ஒரு பொருட்டே இல்லை.